கணக்கு நன்றாக வரும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யா, பி.எஸ்சி. கணிதமா? டெல்டா வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் கணக்கு நன்றாக வரும். மூத்தவள் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். இளையவன் பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், லேத்தில் இரும்பு கடையும் டர்னர் பிரிவை எடுத்தான். தாய்மாமன் என்ற முறையில் இரண்டு சேர்க்கைக்கும் பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ஒரு கவுன்டரில் சொன்னதை அடுத்த கவுன்டரில் மறுத்தார்கள். இணையத்தில் பாதித் தகவல் பழசு. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

"நல்லா படிக்கிற புள்ளைய ஏன் பட்டறைக்கு அனுப்புறீங்க?" என்று ஒருவர் கேட்பார். "பி.எஸ்சி. முடிச்சுட்டு டீக்கடையில உக்காந்திருக்கானே, அவன பாக்கலையா?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேருமே உங்கள் பிள்ளைக்குச் சோறு போடப்போவதில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் சம்பளம் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும், அதுவரை வீடு தாங்குமா?

1. முதலில் மாதக் கணக்கு போடுங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள்.

தொழில் பக்கம்: டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், சர்வேயர் எல்லாம் இரண்டு ஆண்டு. வெல்டர், பிளம்பர் ஓராண்டு. அதன்பின் தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ், ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு. அந்த ஆண்டிலேயே மாதாந்திர உதவித்தொகை வந்துவிடும். ஆகப் பத்தாவது முடித்த பையன், அப்ரண்டிஸ் இடம் உடனே கிடைத்தால், 24 மாதத்தில் கையில் ஏதோ ஒரு காசைப் பார்ப்பான்.

கணிதப் பக்கம்: பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டு, பட்டம் மூன்று ஆண்டு. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தால் அங்கேதான் கணக்கு உதைக்கும். பி.எஸ்சி. கணிதம் என்பது வேலை இல்லை, வாசல் டிக்கெட். வங்கித் தேர்வு, மாநில அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி., மத்திய அரசு வேலைக்கு எஸ்.எஸ்.சி. என்று போனால் தயாரிப்புக்கு ஓராண்டு, சிலருக்கு இரண்டு மூன்று. ஆசிரியர் ஆக வேண்டுமானால் பி.எட். எம்.எஸ்சி. என்றால் இன்னும் இரண்டு ஆண்டு. ஆகப் பத்தாவதிலிருந்து எண்ணினால் ஆறேழு ஆண்டுக்குக் குறையாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு பத்திக்கும் பக்கத்தில் வீட்டு வரவை எழுதுங்கள். குத்தகை நிலமா, சொந்த நிலமா? வேறு யாராவது சம்பாதிக்கிறார்களா? அடகில் நகை இருக்கிறதா? அக்காவுக்குக் கல்யாணம் நிற்கிறதா? இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் போடாதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். கணக்கு வருகிற பிள்ளைதானே.

2. இரண்டு வேலையையும் கண்ணால் பார்க்க வையுங்கள்

பெரும்பாலான வீடுகளில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

திருச்சி பெல் நிறுவனத்தை ஒட்டி, திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் பாய்லர் பாகங்கள் செய்கிற சிறு ஆலைகள் நிறைய இருக்கின்றன. தெரிந்தவர் மூலம் ஒரு நாள் உள்ளே போய் நிற்கச் சொல்லுங்கள். வெல்டிங் புகை, தகரக் கொட்டகை வெக்கை, நாள் முழுக்க நின்றபடி வேலை, இதெல்லாம் காகிதத்தில் தெரியாது. லேத்தில் சாய்வுக் கடைசல், அதாவது ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்து வருகிற மாதிரி கடைவதைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய விட்டம் 50 மி.மீ., சின்ன விட்டம் 40 மி.மீ., நீளம் 100 மி.மீ. என்றால் கருவியை எத்தனை பாகை திருப்ப வேண்டும்? விட்ட வித்தியாசத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 0.05. எந்தக் கோணத்துக்கு டேஞ்சன்ட் 0.05? சுமார் 2 பாகை 52 நிமிடம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான், ஆனால் தப்பினால் இரும்பு வீண். கணினி சொல்படி வெட்டுகிற சி.என்.சி. இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதுவது முழுக்க ஆயத்தொலைவு வடிவியல். ஆகவே பட்டறைக்குப் போனால் கணக்கு வீணாகிவிடும் என்பது பட்டறையைப் பார்க்காதவர் பேச்சு.

மறுபக்கம், வங்கிக் கிளையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ மாதக் கடைசியில் அரை நாள் உட்கார வையுங்கள். அங்கே நடப்பது கூட்டல், சதவீதம், எக்செல், வாடிக்கையாளரின் கோபம். பிளஸ் டூவில் தொகை நுண்கணிதத்தில் நூறு வாங்கிய பிள்ளைக்கு இது சப்பென்று இருக்கலாம். அது தப்பில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பட்டப் படிப்புக் கணிதமோ இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது. மெய்ப் பகுப்பாய்வு, இயற்கணித அமைப்புகள் என்று அது நிரூபணங்களால் ஆனது. விடை கண்டுபிடிக்கிற சந்தோஷத்துக்காகக் கணக்கை விரும்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். "அப்போ மூன்றுக்கும் இப்படியே வருமா? நான்குக்கு ஏன் வராது?" என்று பிள்ளை கேட்டால் கணிதத் துறை பக்கம் தைரியமாக அனுப்புங்கள். "இது எதுக்குப் பயன்படும்?" என்று கேட்டால் அதுவும் நல்ல கேள்விதான், வேறு வாசலுக்கான கேள்வி. அதே போல ஓடாத டேபிள் ஃபேனைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டு). திரும்ப மாட்டும்போது ஒரு திருகு மிஞ்சினால் எரிச்சல்படுகிறானா, சிரித்துக்கொண்டு மறுபடி பிரிக்கிறானா என்று கவனியுங்கள்.

3. தொழில் பக்கம் என்றால்: டிரேடு தேர்வு

ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக டிரேடு, அதாவது தொழிற்பிரிவு, எடுக்காதீர்கள். தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவெறும்பூர் என்று அரசு ஐ.டி.ஐ.கள் இருந்தாலும் எல்லா டிரேடும் எல்லா இடத்திலும் இருக்காது.

கணக்கு வருகிற பிள்ளைக்கு டர்னர், மெஷினிஸ்ட், சிவில் வரைவாளர், சர்வேயர் நான்கும் பொருந்தும். பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். டெல்டாவில் உட்பிரிவு, வரப்புத் தகராறு, மனைப்பிரிவு என்று நில அளவைக்கு வேலை ஓய்வதே இல்லை என்பதால் சர்வேயர் டிரேடு கிடைத்தால் விடாதீர்கள் என்பேன். வெல்டருக்கும் ஒயர்மேனுக்கும் எட்டாம் வகுப்பே போதும். எலக்ட்ரீஷியன் எடுப்பவர்களுக்கு ஒன்று: ஐ.டி.ஐ. சான்றிதழோடு நிற்காமல், மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றையும் வாங்கினால்தான் சொந்தமாகத் தொழில் பார்க்க மதிப்பு.

முடித்தபின் ஏணி எப்படிப் போகிறது? பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, படைக்கலத் தொழிற்சாலை எல்லாம் திருச்சியிலேயே அப்ரண்டிஸ் எடுக்கின்றன. ரயில்வேயில் பழகுநர் தேர்வு பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசைப்படி நடக்கும். எனவே "ஐ.டி.ஐ.தானே, பத்தாவதில் பாஸ் போதும்" என்பது பொய். ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 எனும் கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே உதவி ஓட்டுநர் தேர்வுக்குக் குறிப்பிட்ட டிரேடுகளில் ஐ.டி.ஐ. தகுதி, அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அந்தத் தேர்வில் கணிதமும் தர்க்கத் திறனும் உண்டு. உங்கள் பிள்ளை மற்றவர்களை முந்துவது அங்கேதான்.

இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாவதோடு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் வாங்கலாம். இதை ஐ.டி.ஐ. அலுவலகத்தில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

4. கணிதப் பக்கம் என்றால்: கல்லூரியும் துணைப்பாடமும்

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். கும்பகோணத்தில் ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனிக் கல்லூரி, தஞ்சையில் சரபோஜி, குந்தவை நாச்சியார், திருவாரூரில் திரு.வி.க., மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி என்று பேருந்து தூரத்திலேயே இடங்கள் உண்டு. தரவரிசைக்கு மொழிப்பாடம் தவிர நான்கு பாடங்களையும் சேர்த்து 400க்குப் பார்ப்பார்கள். கும்பகோணத்தில் கணக்கு என்றதும் ராமானுஜன் பெயரை இழுப்பார்கள். மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு அந்த ஊர்க் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவரும் அவர்தான், பிறகு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவரும் அவர்தான். வேதியியலையும் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான பொறி. மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு போன்றவற்றுக்குப் பட்டத்தில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். வெறும் கணிதம் என்றால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். சேரும் முன்பே துறையில் போய் துணைப்பாடம் என்னவென்று கேளுங்கள். இயற்பியலா, புள்ளியியலா என்று தேர்வு இருந்தால், இந்த வேலைகளில் கண் இருப்பவர்கள் புள்ளியியல் எடுங்கள். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயர் அச்சாகியிருக்க வேண்டும்.

நிரூபணச் சோதனையில் தேறிய பிள்ளைக்கு சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம், இந்தியப் புள்ளியியல் கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு எல்லாம் உண்டு. இவை எல்லாமே நுழைவுத்தேர்வு வழி. பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தைக் கல்லூரியோடு சேர்த்தே படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை கிடைக்கும். காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடர்க் கணக்கு போடும் ஆக்சுவரி வேலை பற்றி யாராவது லட்சக் கணக்கில் சம்பளம் என்று சொன்னால், முழுத் தகுதிக்கு 13 தாள் தேற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். டெல்டாவில் இருந்துகொண்டே பார்க்கிற வேலையும் இல்லை அது.

5. ஆவணங்கள்

இரண்டு வழிக்கும் பொதுவானவை: மதிப்பெண் சான்று, டி.சி., சாதிச் சான்று, ஆதார், வருமானச் சான்று, புகைப்படம், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைச் சான்று ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

டி.சி. வாங்கப் போகும் அன்றே தமிழ் வழியில் பயின்றதற்கான சான்றையும் பள்ளியில் எழுதி வாங்கிவிடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. வேலைகளில் தமிழ் வழிக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு, ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்கு. ஊரில் தொடக்கப்பள்ளி ஒன்று, நடுநிலைப்பள்ளி ஒன்று, மேல்நிலைப்பள்ளி ஒன்று என்றால் மூன்று இடத்திலும் வாங்க வேண்டும். பத்து வருடம் கழித்துப் போனால் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.

பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் சான்றில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. இப்படி இருந்தால் உதவித்தொகை எங்கோ தொங்கும். மே மாதத்துக்கு முன்பே மதிப்பெண் சான்றில் இருப்பது போல மற்றதைத் திருத்திக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று மத்திய அரசு இடங்களில் அப்படியே செல்லாது. ரயில்வே, வங்கி, மத்தியப் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் ஓ.பி.சி. சான்று மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதியான பிரிவில், வராதவர் என்ற குறிப்போடு, தனியாக வாங்க வேண்டும். அது எந்த நிதியாண்டுக்கானது என்றும் பார்ப்பார்கள். முதல் பட்டதாரிச் சான்று பொறியியல் போன்ற தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்கானது, இந்த இரண்டு வழிக்கும் அதற்காக ஓட வேண்டாம்.

அசலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். மூத்தவளுக்கு இடம் பார்த்தபோது ஒரு தனியார் கல்லூரியில் "சும்மா வெரிஃபிகேஷனுக்கு" என்று டி.சி.யை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். அரசுக் கல்லூரியில் அழைப்பு வந்ததும் திரும்பக் கேட்டால், ஒரு செமஸ்டர் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அதை எழுத்தில் குறிப்பிட்டு மனு கொடுத்ததும் தந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

6. செலவும் வரவும்

அரசு ஐ.டி.ஐ.யில் விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய், பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால், பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இது ஐ.டி.ஐ.க்கும் பட்டப்படிப்புக்கும் பொது. வருகை 80 சதவீதம் இல்லாவிட்டால் ஐ.டி.ஐ.யில் தேர்வு எழுத முடியாது. நடவுக்கு, அறுப்புக்கு என்று பையனை நிறுத்திக்கொள்ளும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசுக் கல்லூரியிலும் கட்டணம் பெரிய சுமையில்லை. கணிதப் பக்கத்தின் நிஜச் செலவு பட்டத்துக்குப் பிறகு வருகிறது: கோச்சிங், திருச்சியிலோ சென்னையிலோ அறை வாடகை, சாப்பாடு, தேர்வுக் கட்டணங்கள். வங்கித் தேர்வு ஒன்றுக்குப் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 850 ரூபாய், பட்டியல் பிரிவுக்கு 175. எஸ்.எஸ்.சி.க்கு 100, பெண்களுக்குக் கட்டணமில்லை. ரயில்வேயில் 500 கட்டினால் தேர்வு எழுதியபின் 400 திரும்ப வரும், வங்கி விவரத்தைச் சரியாகக் கொடுத்திருந்தால். வருடத்துக்கு நாலைந்து தேர்வு என்று வைத்துக் கணக்கு போடுங்கள்.

7. தேதிகள்

ரிசல்ட் மே மாதம். கலைக் கல்லூரி, ஐ.டி.ஐ. விண்ணப்பங்கள் இரண்டும் அதையொட்டியே திறக்கும். நமக்கு இங்கே ஒரு சிக்கல்: மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. சேர்க்கைக்குப் பணம் புரட்ட வேண்டிய வாரங்களில்தான் குறுவைக்கு உழவுக்கூலி, விதைநெல், உரம் எல்லாம் வந்து நிற்கும். எனவே சம்பா, தாளடி நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் காசு வந்த கையோடு, பிப்ரவரி மார்ச்சிலேயே, படிப்புப் பணத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். ஜூனில் வட்டிக்கு வாங்கினால் குறுவை அறுவடைவரை அது வளரும்.

விண்ணப்பம் இரண்டு பக்கமும் போட்டுவைப்பதில் தப்பே இல்லை. மொத்தம் நூறு ரூபாய்ச் சமாசாரம். கலந்தாய்வு அழைப்பு குறுஞ்செய்தியில் வரும் என்பதால், ரீசார்ஜ் தீர்ந்துபோகும் எண்ணைக் கொடுக்காதீர்கள். இ-சேவை மையக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவதும் உண்டு, சமர்ப்பிக்கும் முன் திரையைப் பாருங்கள்.

8. யாரிடம் ஏமாறக்கூடாது

"ஆறு மாத டிப்ளமோ, முடித்ததும் துபாய்" என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருப்பது ஐ.டி.ஐ. இல்லை. என்.சி.வி.டி. எனும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, அந்த டிரேடுக்கும் இருக்கிறதா என்று மத்திய அரசின் தளத்தில் பாருங்கள்.

வெளிநாட்டு முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் "சிங்கப்பூர் டெஸ்ட்" என்று பேசுவார்கள். அது தனித் திறன் தேர்வு, ஐ.டி.ஐ. சான்று வைத்திருந்தால் தானாக வந்துவிடாது. வேலை உத்தரவு கண்ணில் படாமல் நிலத்தை ஒத்திக்கு வைக்காதீர்கள்.

கோச்சிங் மையங்களில் முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டச் சொன்னால் மாதத் தவணை கேளுங்கள். மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும்.

9. நடுவில் மனம் மாறினால்

முதல் செமஸ்டர் முடிவதற்குள் கணிதம் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அடுத்த சேர்க்கையில் ஐ.டி.ஐ. போகலாம். ஆண்களுக்கு வயது வரம்பு 40, பெண்களுக்கு உச்சவரம்பே இல்லை. பட்டதாரிகள் வந்து சேர்வதும் உண்டு. ஐ.டி.ஐ.யில் இருந்து பட்டம் வேண்டுமென்றால் மேலே சொன்ன இணைச் சான்றும் டிப்ளமோவும் வழி.

ஆகஸ்ட் வரை எங்கேயும் இடம் கிடைக்கவில்லையா? கலந்தாய்வு முடிந்தபின் காலியிடங்களுக்கு அரசு ஐ.டி.ஐ.களில் நேரடிச் சேர்க்கை நடக்கும். அசல் சான்றுகள், நகல்கள், புகைப்படம், 50 ரூபாயோடு காலையிலேயே போய், எந்த டிரேடில் காலி என்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். பக்கத்து மாவட்ட ஐ.டி.ஐ.க்கும் அன்றே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், கேட்ட டிரேடு அங்கே காலியாக இருக்கலாம்.